நைவேத்தியம் எப்போது பிரசாதம் ஆகிறது?

வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறோம். சுவாமி முன்னால் வைத்து, நீர் சுற்றி, மணி அடித்து, கற்பூரம் காட்டி எடுத்ததும் அதையே பிரசாதம் என்கிறோம். கால் மணி நேரம் முன்பு அடுப்பிலிருந்து இறக்கியதும் இதே பொங்கல்தான். எடை குறையவில்லை, ருசி மாறவில்லை. அப்படியானால் மாறியது என்ன? பூஜை முறையைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். குழந்தைகளும் கேட்பார்கள். "அப்படித்தான் செய்யணும்" என்று அவர்கள் வாயை அடைத்துவிடக் கூடாது, ஏனென்றால் இதற்கு மரபில் தெளிவான பதில் இருக்கிறது.

மாறுவது உரிமை. சமைக்கும்போது அது நம் வீட்டுச் சோறு. படைத்ததும் அது சுவாமியுடையது. திரும்ப நம் கைக்கு வரும்போது, அவர் அமுது செய்து மீந்தது. அதில் "என்னுடையது" என்று சொல்லிக்கொள்ள ஒரு பருக்கைகூட இல்லை. கீதையின் 3ஆம் அத்தியாயம் 13ஆம் சுலோகம் இதை நேராகவே சொல்கிறது: வேள்வியில் எஞ்சியதை உண்கிறவர்கள் பாவங்களிலிருந்து விடுபடுகிறார்கள், தனக்காக மட்டுமே சமைக்கிறவர்கள் பாவத்தையே உண்கிறார்கள். 9ஆம் அத்தியாயம் 26ஆம் சுலோகத்தில், இலையோ பூவோ பழமோ நீரோ எதுவானாலும் அன்போடு கொடுத்தால் அதை உண்கிறேன் என்கிறார் கண்ணன். பிரசாதத்தைப் பற்றிய மற்ற எல்லா விதிகளும் இந்த இரண்டு சுலோகங்களுக்குள் அடங்கிவிடும்.

கடவுளுக்குப் பசிக்குமா என்று அடுத்த கேள்வி வரும். பசிக்காது, அவருக்குக் குறை ஒன்றும் இல்லை என்பதில் சைவமும் வைணவமும் ஒன்றாகவே நிற்கின்றன. பெருமாள் கோயில்களில் தளிகையை, அதாவது சமைத்த உணவை, "கண்டருளப் பண்ணுவது" என்று சொல்வார்கள். அவர் திருக்கண்ணால் பார்ப்பதே ஏற்றுக்கொள்வது. படைக்கிற தேவை அவருக்கில்லை, நமக்குத்தான். ஒரு நாளில் மூன்று வேளை நாம் தவறாமல் செய்கிற காரியம் சாப்பாடு. "இது முதலில் உனக்கு" என்று சொல்லிப் பழகுவதற்கு அதைவிட உறுதியான இடம் வேறு இல்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால், கோயிலுக்கு நிலமும் நெல்லும் விட்ட நிவந்தங்களில், அதாவது கொடைகளில், பல இந்தத் திருவமுதுக்காக, சுவாமிக்குப் படைக்கும் உணவுக்காக, இருக்கும். அரிசி, பருப்பு, நெய், தயிர், பாக்கு, வெற்றிலை என்று தினப்படி அளவோடு எழுதியிருப்பார்கள். அதில் கறி கறியமுது, நெய் நெய்யமுது, தயிர் தயிரமுது, பாக்கு அடைக்காயமுது. இன்றும் வைணவ வீடுகளில் ரசம் சாற்றமுது, பாயசம் திருக்கண்ணமுது. சமையலறையில் இருக்கும்போதே அது யாருக்கான சாப்பாடு என்பது அந்தப் பேச்சிலேயே வந்துவிடுகிறது.

ருசி பார்க்காமல் சமைப்பது

எல்லாரும் அறிந்த விதி, நைவேத்தியத்தை முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பது. இது வெறும் சுத்தம் பற்றியது இல்லை. ஒரு துளி நாக்கில் வைத்தாலும் முதல் பங்கு நம்முடையதாகிவிடுகிறது. பிறகு படைப்பது நாம் உண்டதன் மிச்சம். "வாசனை எப்படி இருக்கு" என்று மூக்கருகே கொண்டு போவதையும் பெரியவர்கள் தடுப்பது இதனால்தான்.

காளத்தியில் கண்ணப்பர் இறைச்சியை வாயில் இட்டுச் சுவை பார்த்து, நல்லதாகப் பொறுக்கித்தானே படைத்தார் என்று கேட்கலாம். உண்மை. ஆகமப்படி பூஜித்த சிவகோசரியாரின் நிவேதனத்தையும் சிவன் ஏற்றார், கண்ணப்பரின் ஊனையும் ஏற்றார். ஆனால் கண்ணப்பர் சுவை பார்த்தது தனக்காக இல்லை. தன் கண்ணையே பெயர்த்து அப்பிய அன்பு அது. அந்த அளவுக்கு அன்பு முற்றாத நமக்குத்தான் விதி. அதைக் காரணம் காட்டி நாம் கரண்டியை நக்கக் கூடாது.

ருசி பார்க்க முடியாது என்றால், அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். திருமலை மடப்பள்ளியில் எந்தப் பிரசாதத்துக்கு எந்தப் பொருள் எவ்வளவு என்பதைத் "திட்டம்" என்று வகுத்தே வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் அப்படி ஒரு திட்டம் வேண்டும். "கண்ணளவு" என்று ஆரம்பித்தால் உப்பு தவறும், கை தானாக வாய்க்குப் போகும்.

சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு நம்பகமான அளவு: பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெல்லம் 350 முதல் 400 கிராம், நெய் 75 முதல் 100 கிராம், தண்ணீரும் பாலும் சேர்த்து ஒன்றேகால் லிட்டர், ஏலக்காய் 4, முந்திரி 10, திராட்சை கொஞ்சம், பச்சைக் கற்பூரம் கடுகளவு. பருப்பை வாசனை வர வறுத்து, அரிசியோடு சேர்த்து, கரண்டியால் அழுத்தினால் மசியும் வரை குழைய விட வேண்டும். வெல்லத்தைத் தனியாக அரை டம்ளர் நீரில் கரைத்துக் கொதிக்க வைத்து வடிகட்டி, அதன் பிறகுதான் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். அரிசி முக்கால் பதத்தில் இருக்கும்போது வெல்லத்தைப் போட்டால் அதற்கு மேல் எவ்வளவு நேரம் கிண்டினாலும் பருக்கை விறைத்தே நிற்கும். பால் முழுக்க வற்றாமல் தளதளவென்று நிற்கையில் வெல்லம் விழுந்தால் திரிந்துவிடும். வடிகட்டாத வெல்லத்தில் மண் நறநறக்கும். ருசி பார்க்காததால் அது பந்தியில்தான் தெரியும்.

வெண்பொங்கலுக்கு முக்கால் கப் அரிசி, கால் கப் பருப்பு என்றால் தூள் உப்பு ஒன்றேகால் டீஸ்பூன். மட்டம் தட்டிய டீஸ்பூன், குவித்து அல்ல.

பச்சைக் கற்பூரம் பற்றி ஓர் எச்சரிக்கை. தீபாராதனைக்கு ஏற்றுகிற சூடம் வேறு, தீர்த்தத்திலும் இனிப்பிலும் சேர்க்கிற பச்சைக் கற்பூரம் வேறு. சூடத்தை உணவில் போடவே கூடாது, அது விஷம். பச்சைக் கற்பூரமும் கடுகளவைத் தாண்டினால் கசக்கும், சிறு குழந்தைகளுக்கு ஆகாது. "வாசனையா இருக்கட்டும்" என்று ஒரு கட்டியைத் தூக்கிப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

படைக்கும் முறை

சுவாமி முன் தரையை ஈரத்துணியால் துடைத்து, நீரால் ஒரு சதுரம் இட்டு, அதன் மேல் இலையோ தட்டோ வைக்க வேண்டும். வாழையிலையானால் நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் இருப்பதுதான் வழக்கம். சுவாமி நம்மைப் பார்த்து இருக்கிறார். ஆகவே நமக்கு வலப்பக்கமாக நுனி வரும். இதை மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய. பாத்திரத்தை மூடியோடு வைக்கக் கூடாது. கடையில் வாங்கிய இனிப்பானால் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துத் தட்டில் எடுத்து வைக்க வேண்டும், வாழைப்பழத்தின் தோலைக் கொஞ்சம் உரிக்க வேண்டும். விருந்தாளி முன் எப்படி வைப்போமோ அப்படி. கொதிக்கக் கொதிக்க வைக்காமல் சாப்பிடும் சூட்டுக்கு ஆறவிட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் குடிநீரும் வைக்க வேண்டும். இந்தத் தண்ணீரைத்தான் பலரும் மறப்பார்கள்.

அன்னத்தின் மேல் ஒரு சொட்டு நெய் விட வேண்டும். பெருமாளுக்கானால் ஒவ்வொரு பதார்த்தத்தின் மேலும் ஒரு துளசி இதழ், சிவனுக்கு வில்வம். பிள்ளையாருக்குப் பொதுவாகத் துளசி சேர்ப்பதில்லை, அறுகம்புல். துவாதசியன்று துளசி பறிக்கும் வழக்கம் இல்லை என்பதால் முன்னதாகவே பறித்து வைத்துக்கொள்வார்கள்.

பிறகு உத்தரணியில் (பூஜைக்கான சிறு கரண்டி) நீர் எடுத்து, உணவின் மேல் லேசாகப் புரோக்ஷித்து (தெளித்து), பாத்திரத்தை வலமாகச் சுற்ற வேண்டும். பகலில் "ஸத்யம் த்வர்த்தேன பரிஷிஞ்சாமி", இரவில் "ருதம் த்வா ஸத்யேன பரிஷிஞ்சாமி". "அம்ருதோபஸ்தரணமஸி" என்று ஓர் உத்தரணி நீர் விடுவது, சாப்பாட்டுக்கு முன் கொடுக்கிற நீர். அதன் பின் வலக்கையை உணவின் பக்கமிருந்து சுவாமியை நோக்கி மெல்லக் காட்டி, "ப்ராணாய ஸ்வாஹா, அபானாய ஸ்வாஹா, வ்யானாய ஸ்வாஹா, உதானாய ஸ்வாஹா, ஸமானாய ஸ்வாஹா, ப்ரஹ்மணே ஸ்வாஹா" என்று ஆறு முறை. இங்கே நிறுத்த வேண்டும். கோயிலில் இந்த நேரத்தில்தான் திரை போடுகிறார்கள். வீட்டில் கண்ணை மூடிக்கொள்ளலாம், அல்லது கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கலாம். இரண்டு நிமிடமாவது வேண்டும். "மத்யே மத்யே பானீயம்" என்று இடையில் நீர், "அம்ருதாபிதானமஸி" என்று முடிவில் நீர், கை கழுவவும் வாய் கொப்பளிக்கவும் நீர், கடைசியாகத் தாம்பூலம், கற்பூரம்.

இந்த மந்திரங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். முறைப்படி பரிசேஷணம் செய்து சாப்பிட உட்காருகிறவர், தன் இலையைச் சுற்றி நீர் விட்டுச் சொல்வதும் இதே மந்திரங்கள்தான். ஐந்து பிராணன்களின் பேரைச் சொல்லி ஐந்து சிறு கவளம், பிரம்மத்துக்கு ஒன்று. வெளியே விக்ரகத்துக்குப் படைப்பதும், உள்ளே பிராணனாக இருப்பவனுக்குப் படைப்பதும் ஒரே வரிசை. ஆகவே பூஜை அறையில் நைவேத்தியம் முடிந்துவிடுவதில்லை. சாப்பாட்டு இலையில் அதன் இரண்டாம் பாதி நடக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே பிரசாதத்தை அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது விட்டுப்போவது இந்தப் பாதிதான்.

மந்திரம் தெரியாவிட்டால் படைக்கக் கூடாதா? தாராளமாகப் படைக்கலாம். நீர் சுற்றி, சுவாமியின் பேரைச் சொல்லி, "ஏற்றுக்கொள்ளணும்" என்று வேண்டினால் போதும். அரைகுறையாகப் பார்த்துப் படிக்கிற மந்திரத்தைவிட அந்த இரண்டு நிமிட நிதானம் முக்கியம். மணி அடித்துக்கொண்டே கற்பூரத்தை ஏற்றி உடனே தட்டைத் தூக்குவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிற பிழை. படைத்தோம், எடுத்தோம், கொடுக்கவே இல்லை.

இன்னும் சில சிக்கல்கள் அடிக்கடி வரும். படைப்பதற்கு முன் குழந்தைக்குப் பசித்து அதே பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால், மீதியைப் படைக்க வேண்டாம். ஒரு பழமோ, கல்கண்டோ, காய்ச்சின பாலோ வைத்தால் போதும். அதற்காகக் குழந்தையைக் கோபிக்கக் கூடாது. முன்கூட்டியே சுவாமிக்கென்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. படைத்த கிண்ணத்தைத் திரும்ப முழுப் பாத்திரத்தோடு கலந்துவிட்டால் எல்லாமே பிரசாதம். உடைத்த தேங்காய் அழுகியிருந்தால் கெட்ட சகுனம் என்று கலங்க வேண்டியதில்லை. காய் பழசு, வேறொன்று உடைக்க வேண்டியதுதான். புளி, தயிர் சேர்ந்ததை ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறும். அதற்கு வெள்ளியோ எவர்சில்வரோ, இல்லையென்றால் இலையோ.

வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை என்பது ஆகம வழிக் கோயில்களின் முறை. பழைய மடப்பள்ளிகளில் மிளகாயும் கிடையாது, காரம் என்றால் மிளகுதான். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு மணப்பதும், அழகர்கோயில் தோசையில் மிளகு கடிபடுவதும் இதனால்தான். ஆனால் இதை வைத்து மற்றதெல்லாம் பிரசாதமல்ல என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றுகிற கேழ்வரகுக் கூழில் சின்ன வெங்காயம் இருக்கும், பக்கத்தில் முருங்கைக்கீரை இருக்கும், பல ஊர்களில் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். கருப்பசாமிக்குக் கிடா வெட்டிப் படைக்கிறார்கள். அவரவர் சாமிக்கு அவரவர் உண்பதில் முதல் பங்கு. அந்தக் கூழை வருகிறவர்களுக்கெல்லாம் சொம்பு சொம்பாக ஊற்றுகிறார்களே, உரிமையை விட்டுக் கொடுப்பது அங்கே பல பெரிய கோயில்களைவிடக் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது.

மிச்சம் யாருக்குச் சேரும்

சிவன் கோயிலில் வடபுறம், அபிஷேக நீர் விழும் கோமுகியை ஒட்டி, சண்டிகேசுவரர் சந்நிதி இருக்கும். நாம் உண்டதும் உடுத்ததும் சூடியதும் உனக்கே என்று சிவன் அவருக்குக் கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆகவே நிவேதனத்தின் மிச்சம் முறைப்படி அவருடையது. நாம் அவர் முன் கையை விரித்துக் காட்டுவது, இங்கிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்காக. ஓங்கிக் கைதட்டுவது தேவையில்லை. அவர் தியானத்தில் இருப்பவர். சிவன் கோயில்களில் கைக்கு முதலில் வருவது விபூதியாக இருப்பதற்கும் இதோடு தொடர்பு உண்டு. லிங்கத்துக்குச் சாத்தியதை, படைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாத சைவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சண்டிகேசுவரருக்கு ஆன பிறகு வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இதில் குருவும் குடும்பமும் காட்டிய வழியில் போவதே சரி.

ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் அவ்வளவு பெரிய லிங்கத்தைச் சோறு மூடியிருக்கும். லிங்கத்தின் மேல் பகுதியான பாணத்தின் மேல் பட்ட சோற்றை எடுத்து நீர்நிலையில் மீன்களுக்குச் சேர்ப்பது வழக்கம். கீழே ஆவுடையார் என்ற பீடப் பகுதியில் இருக்கும் சோறுதான், பெரும்பாலும் தயிர் சேர்த்து, பக்தர்களுக்கு வரும்.

பூரி ஜகந்நாதர் கோயிலில் இதே கருத்து வேறொரு விதமாக விரிகிறது. விறகடுப்பில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மண்பானைகளில் சமைக்கிறார்கள். ஜகந்நாதருக்குப் படைத்ததை அடுத்து விமலா தேவிக்கும் படைத்த பிறகுதான் அது மகாபிரசாதம். கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஆனந்த பஜாரில் அதை வாங்கி, சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து உண்கிறார்கள். அங்கே எச்சில், தீட்டு என்ற பேச்சு எடுபடாது. உணவு யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், யார் யாரோடு சாப்பிடலாம் என்ற கேள்வி நிற்க இடமில்லாமல் போகிறது. பிரசாதத்தின் ஆன்மிகப் பொருளில் இதுவே மிகப் பெரியது. பந்தியில் வேண்டியவர்களுக்கு முந்திரி பார்த்துப் போடுகிற கைக்கு இது இன்னும் எட்டவில்லை.

வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

பிரசாதத்தை வலக்கையில், இடக்கையைக் கீழே தாங்கலாகக் கொடுத்து வாங்க வேண்டும். "எனக்குக் கொஞ்சம் நிறைய", "இது வேண்டாம், அது" என்று கேட்பது முறையல்ல, கிடைத்தது போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் விரதம் இருப்பவர்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கை மட்டும் எடுத்து அல்லது எடுக்காமலே, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். அதில் குறையொன்றும் இல்லை.

கோயில் வாசலில் உள்ள கடையில் விற்பதெல்லாம் சுவாமிக்குப் படைத்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல கோயில்களில் பிரசாதக் கடை ஏலத்தில் போவது. அங்கே வியாபாரத்துக்காகச் செய்த முறுக்கும் அதிரசமும் இருக்கும். சாப்பிடலாம், தவறில்லை. ஆனால் படைத்தது வேண்டும் என்றால் "மடப்பள்ளியிலிருந்து வந்ததா?" என்று கேட்டு வாங்க வேண்டும். அன்னதானமும் வேறு. அது கோயில் போடுகிற சாப்பாடு, பெரிய தர்மம்; அது நிவேதனமும் ஆனதா என்பது அந்தந்தக் கோயிலின் நடைமுறையைப் பொறுத்தது.

கெட்டுப் போவது பிரசாதத்துக்கும் உண்டு. தயிர்சாதம் அன்றைக்கே, வெயில் காலத்தில் சில மணி நேரத்துக்குள். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை மறுநாள் வரை நிற்கும். ஆஞ்சநேயர் வடைமாலை வடை பல நாள் இருப்பதற்குக் காரணம் அதில் ஈரம் இல்லாதது: உளுந்தை அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், தண்ணீர் தெளிக்காமல் கொரகொரப்பாக அரைத்து, மிளகு தட்டிப் போட்டு, மெல்லிசாகத் தட்டி, எண்ணெயில் சலசலப்பு முழுக்க அடங்கும் வரை மிதமான தீயில் விட வேண்டும். சலசலப்பு இருக்கும்போதே எடுத்த வடை மறுநாள் நூல் விடும். கெட்டதைப் பிரசாதம் என்பதற்காகச் சாப்பிட வேண்டாம்.

மீந்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மாட்டுக்கோ பறவைக்கோ வைக்கலாம், செடிக்கு அடியில் புதைக்கலாம். எண்ணெயும் சர்க்கரையும் அதிகமுள்ளதை மாட்டுக்கு அதிகம் கொடுக்கக் கூடாது. கோயிலில் தேவைக்கு மேல் கைக்கு வந்த விபூதியையும் குங்குமத்தையும் தூணில் கொட்டுவதையும் சிற்பத்தின் மடியில் வைப்பதையும் உடனே நிறுத்த வேண்டும். கல் அழுக்கேறிப் பாழாகிறது. ஒரு துண்டுக் காகிதம் கொண்டு போனால் மடித்து வீட்டுக்கு எடுத்து வரலாம், வர முடியாதவர்களுக்குக் கொடுக்கலாம்.